பதினேழு பெயரும் ஒரு 'ம்'மும்

போன கிழமை ஒரு மெஷின் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தது. நல்ல பெண் குரல். ஒரு கட்சிக்குப் புதுத் தலைவரைத் தெரிவு செய்யப்போகிறார்களாம். போட்டியிடுபவர்களின் பெயர்களை வாசிக்கிறேன், பிடித்தவருக்குரிய இலக்கத்தை அழுத்துங்கள் என்றது. நான் அடுப்பில் இருந்த பருப்பை இறக்கி வைத்துவிட்டு, ஆறுதலாகக் கதிரையில் இருந்து கேட்டேன். இருபத்துநான்கு வருஷம் மற்றவர்களைக் கேள்வி கேட்டே சீவித்தவள் நான். என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து அதே மெஷின் என் கணவரின் கைத்தொலைபேசிக்கு எடுத்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அதே பெயர்கள், அதே ஒழுங்கு. எனக்கு முதலாவதாக வாசிக்கப்பட்டவர் அவருக்கும் முதலாவது. எனக்கு வந்ததே கோபம்! "வெட்கங்கெட்ட வேலை!" என்று கத்திவிட்டேன். மனுஷன் பயந்துபோய் ஏதோ ஒரு இலக்கத்தை அழுத்திவிட்டார். யாருக்குப் போய் விழுந்ததோ தெரியாது.

இதை ரவிக்குச் சொன்னேன். ரவி மட்டக்களப்புப் பெடியன். பெடியன் என்கிறேன், அவனுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. என் பக்கத்துக் கதிரையில் பதினைந்து வருஷம் வேலை செய்தவன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, பெயரை ஏன் மாத்தி மாத்தி வாசிக்கிற எண்டு இப்ப வாற பிள்ளைகளுக்கே தெரியா. மெஷின் என்ன செய்யும் பாவம்! நீங்க சும்மாதானே இருக்கிறீங்க, எழுதி வைங்க" என்றான். சும்மாதான் இருக்கிறேன். கனடாவின் மொன்றியல் நகரில், நோத்ர-டாம்-த-கிரேஸில் வெயில் வருகிற ஒரு அப்பார்ட்மெண்ட், பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் கிழமைக்கு ஒருதரம் கர்க்லாண்டுக்குப் பஸ், கால் முழங்கால் இன்னும் சொன்ன சொல் கேட்கிறது. குறை ஒன்றும் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

நாங்கள் மொன்றியலுக்கு வந்த புதிதில் இவர் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி தூக்கினார். நான் ஒரு தையல் தொழிற்சாலையில் பொக்கற் தைத்தேன். காலை முதல் பின்னேரம் வரை பொக்கற். கைக்கு வேலை, வாய்க்கு வேலை இல்லை. நானோ ஊரில் தபால் கந்தோரில் தொலைபேசி இணைப்புக் கொடுத்தவள். வாய் சும்மா இருந்து பழக்கமில்லை. அந்த நேரத்தில்தான் ஆங்கிலத்தில் தொலைபேசியில் கதைக்க ஆட்கள் தேவை என்று ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் விளம்பரத்தைக் கண்டேன். என் ஆங்கிலம் யாழ்ப்பாணத்து ஆங்கிலம். இருந்தாலும் போய்ப் பார்ப்போம், பிடித்தா விழுங்கப்போகிறார்கள் என்று போனேன்.

அங்கேதான் மதாம் ஜினெத்தைச் சந்தித்தேன். மேற்பார்வையாளர். ஒல்லியான கெபெக் மனுஷி, கண்ணாடி எப்போதும் தலையில், நடந்தால் சத்தமே வராத சப்பாத்து. பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து கதைப்பார். அதை எங்கள் தமிழில்தான் என்னால் சொல்ல முடியும். தொலைபேசிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்து, "பெயர்களை வாசி" என்றார். வாசித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த ஆளை உனக்குத் தெரியுமோ?"

"இல்லை, மதாம்."

"அப்ப ஏன் அவருக்கு மட்டும் சிரிச்சனி?"

நான் சிரிக்கவே இல்லை. பிறகுதான் விளங்கியது, முகம் சிரிக்கவில்லை, குரல் சிரித்திருக்கிறது. என்னுடைய உச்சரிப்புப் பிழையோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "உன்ர உச்சரிப்பு எனக்குப் பிரச்சினை இல்லை. கேக்கிற ஆளுக்கு விளங்கினாச் சரி. பெயரை வாசிக்கேக்க நீ அதுக்குள்ள இருக்கக் கூடாது" என்றார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

முதல் கிழமையே பிடிபட்டுவிட்டேன். நாங்கள் கதைக்கும்போது மதாம் வேறொரு அறையில் இருந்து எங்களுக்குத் தெரியாமல் கேட்பார். வந்து என் இடது பக்கத்தில் நின்று, "மாலா, உன்ர தொண்டைக்குள்ள ஆர் பாடுறது?" என்றார். விஷயம் என்னவென்றால், மறுமுனையில் ஆள் கதைக்கக் கதைக்க நான் 'ம்', 'ம்' என்று கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எங்களில் யார்தான் கொட்டாமல் இருப்பது? ஒருவர் கதை சொல்லும்போது 'ம்' கொட்டாவிட்டால், "கேக்கிறியோ, நித்திரையோ?" என்று கோபிக்கும் சனம் நாங்கள். இதை மதாமுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீ அப்படிச் சொன்னா அவையள் தாங்கள் சொன்னது சரியான பதில் எண்டு நினைப்பினம். அடுத்த பதிலையும் உனக்குப் பிடிச்ச மாதிரிச் சொல்லுவினம்" என்றார்.

'ம்' சொல்லாதே என்றால் எனக்கு மூச்சு முட்டும். மதாமே வழி சொன்னார். எங்கள் குரல் மறுமுனைக்குப் போகாமல் நிறுத்த ஒரு மியூட் பட்டன் இருந்தது. அவர்கள் கதைக்கும்போது அதைப் பெருவிரலால் அமத்திக்கொண்டு ஆசை தீர 'ம்' கொட்டு, கேள்வி கேட்கும்போது விரலை எடு என்றார். அப்படியே செய்தேன். பிறகு ரவி வந்தபோது அவனுக்கும் அதே வியாதி. முழு மாடியிலும் இந்தப் பட்டன் தேய்ந்துபோனது எங்கள் இரண்டு பேருடைய மேசையிலும்தான்.

வேலை இலேசானது என்று நினைக்காதீர்கள். தொலைபேசியை எடுத்தவரையே பேட்டி காண முடியாது. வீட்டில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர் யார் என்று கேட்டு அவரைத்தான் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் எப்போதும் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆட்களின் கருத்துத்தான் நாட்டின் கருத்தாகிவிடும். பெயர்களைக் கொம்பியூட்டர் ஒவ்வொரு அழைப்புக்கும் கலைத்துக் கொடுக்கும். முதலில் கேட்ட பெயர் மனதில் ஒட்டும், கடைசியில் கேட்டதும் ஒட்டும், நடுவில் அகப்பட்டவர் பாவம். எல்லாருக்கும் எல்லா இடமும் கிடைக்க வேண்டும். 'தெரியாது' என்று சொன்னால் ஒருதரம், ஒரே ஒருதரம், "இப்போதைக்கு யார் பக்கம் மனம் சாய்கிறது?" என்று கேட்கலாம். 'இந்த ஆள் யார்?' என்று அவர்கள் கேட்டால் எங்களுக்கும் தெரியாது. தெரிந்தாலும் தெரியாது.

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பு ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தெரிவு செய்ய மாநிலம் மாநிலமாக ஒரு உட்கட்சித் தேர்தல் வைக்கும். அந்தக் காலத்தில் அங்கிருந்து எங்களுக்கு வேலை வரும். எல்லையின் இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு, நாங்கள் ஒருநாளும் வாக்குப் போடமுடியாத ஒரு தேர்தலுக்கு, அவர்களுடைய மனதை அவர்களிடமே கேட்டு எழுதிக் கொடுப்போம். எனக்கு அந்தக் காலம் என்றால் திருவிழா. மூன்று பேர், நாலு பேர் நின்றால் சுவை இல்லை. பத்துக்கு மேல் போனால்தான் சனம் எப்படி ஆளை அளக்கிறது என்று தெரியவரும்.

எத்தனை விதமாக அளக்கிறார்கள்! வயல் செய்யும் ஒரு கமக்காரர், நின்றவர்களில் எட்டுப் பேர் தன் ஊருக்கு வந்து கைகொடுத்ததாகவும், கையைக் கொடுத்தபடி அடுத்த ஆளைப் பார்த்தவர்களை எல்லாம் வெட்டிவிட்டதாகவும் சொன்னார். ஒரு பாரவண்டிச் சாரதி முதல் விருப்பத்தைச் சொல்ல மாட்டேன் என்றார், இரண்டாவது விருப்பத்தைத்தான் சொன்னார். முதலாவது ஆள் எப்படியும் தோற்பார், அந்தத் துக்கத்தை உனக்கு ஏன் தரவேண்டும் என்றார். ஒரு மனுஷி தனக்கு ஒருவரைப் பிடிக்கும், ஆனால் அடுத்த வீட்டுக்காரருக்குப் பிடிக்காது, ஆகவே அவர் வெல்ல மாட்டார், ஆகவே தான் வேறு ஆளைச் சொல்கிறேன் என்றார். பிறகு பார்த்தால் அந்த அடுத்த வீடும் என் பட்டியலில் இருந்தது. அங்கே எடுத்தேன். அவரும் அதையேதான் சொன்னார், அடுத்த வீட்டு மனுஷிக்குப் பிடிக்காதாம்! நான் பட்டனை அமத்திக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டிலும் அளவெடுப்பு நடக்கும். இவர் பேப்பரில் படங்களைப் பார்த்து, "இந்தாள் சரிவராது, ரையைப் பார், கழுத்தில கயிறு போட்ட மாதிரி" என்பார். இன்னொருவரை, "இவர் வலு கெட்டிக்காரன், ஆனா தானே தன்னை அப்பிடிச் சொல்லுறார்" என்று தள்ளிவிடுவார். நான் வாய் திறக்க மாட்டேன். உட்கட்சித் தேர்தல் காலத்தில் மதாம் சாப்பாட்டறையில் பத்திரிகையே வைக்க விடமாட்டார். நான் ஒரு படி மேலே போய், அந்த மாதங்களில் விவாதங்களைத் தொலைக்காட்சியில் பார்ப்பதே இல்லை என்று ஒரு விரதம் வைத்திருந்தேன். பெயர் பெயராகவே இருக்கவேண்டும், முகம் வந்தால் வில்லங்கம்.

அந்த விரதம் ஒரே ஒருதரம் கெட்டது. அந்த வருஷம் ஒரு கட்சியில் பதினேழு பேர் நின்றார்கள். நான் மகள் வீட்டுக்குக் கர்க்லாண்டுக்குப் போயிருந்தேன். மருமகன் விவாதத்தைப் போட்டுவிட்டு இருந்தார். எழும்பிப் போகலாம் என்றால் மடியில் பேத்தி நித்திரை. பதினேழில் ஒருவர் முன்பு நீதவானாக இருந்த ஒரு பெண்மணி. எல்லையைக் கடந்து வரும் அகதிகளைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. மற்றவர்கள் எல்லாரும் வேலி, பொலிஸ் என்று கத்தினார்கள். அவர் மட்டும், தன் நீதிமன்றத்துக்கு வந்த எவரையும் முதலில் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் பெயர் கேட்டதாக அமைதியாகச் சொன்னார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்களுடைய அகதி விசாரணையில், நடுங்கிக்கொண்டு நின்ற எனக்கு ஒரு அதிகாரி கதிரையை இழுத்துப் போட்டுத் தண்ணீரும் தந்தார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் அந்தத் தண்ணீரின் குளிர்மை இன்றைக்கும் தொண்டையில் இருக்கிறது. அன்றிலிருந்து அந்த நீதவான் அம்மா என் மனதுக்குள் வந்து இருந்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை எங்களுக்கு அதே பதினேழு பெயரோடு ஒரு கணிப்பு வந்தது.

அது சாதாரணக் கணிப்பு அல்ல. அடுத்த விவாத மேடையில் ஏறவேண்டும் என்றால் கணிப்புகளில் குறித்த அளவு ஆதரவு காட்டவேண்டும் என்று கட்சி விதி வைத்திருந்தது. நீதவான் அம்மாவுக்கு இன்னும் ஒரு கணிப்புத்தான் தேவை. எங்களுடையதுதான் கடைசி. இதில் அளவைத் தொட்டால் மேடை, தொடாவிட்டால் அவ்வளவுதான். இதை நான் தேடிப் படிக்கவில்லை, மெட்ரோவில் பக்கத்தில் இருந்தவரின் பேப்பரில் கண் பட்டுவிட்டது. கண் பட்ட பிறகு எப்படி மறப்பது?

எனக்குக் கிடைத்தது வயதானவர்களின் பட்டியல். வீட்டுத் தொலைபேசி வைத்திருக்கும் சனம், பகலில் வீட்டில் இருக்கும் சனம். அவர்களோடு பட்டன் வேலை செய்யாது. அமத்தினால் மறுமுனையில் ஒரு மூச்சுச் சத்தமும் கேட்காது. உடனே, "ஹலோ? ஹலோ? இருக்கிறியோ?" என்று கேட்டு வைத்துவிடுவார்கள். முதல் நாள் நாலு பேர் அப்படி வைத்துவிட்டார்கள். ஆகவே விரலை எடுத்துவிட்டு, விதிப்படி "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லத் தொடங்கினேன். பதினேழு பெயர், ஒவ்வொன்றுக்கும் அவர்களுடைய நீண்ட யோசனை. எத்தனை தரம் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பது? எப்போது அது குறைந்து 'ம்' ஆனது என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு அம்மா அகப்பட்டார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். "பொறு பிள்ளை, பென்சில் எடுத்துக்கொண்டு வாறன்" என்று போனார். கண்ணாடியைத் தேடினார். ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் பதினேழு பெயரையும் என்னைக் கொண்டு மெதுவாகச் சொல்லுவித்து எழுதினார். அந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தும், ஒரு கேள்விக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த ஆளை நான் கண்டதில்லை. பிறகு ஒவ்வொன்றாக வாய்விட்டு வெட்டத் தொடங்கினார்.

"இவர் கத்துறவர். வெட்டு."

"ம்."

"இவர் நல்லவர்தான், ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார். வெட்டு."

"ம்."

இப்படியே பதினைந்து பெயர் போயிற்று. கடைசியில் இரண்டு பெயர் மிச்சம். ஒருவர் முன்னாள் ஆளுநர், மற்றவர் நீதவான் அம்மா.

"ஆளுநருக்கு அனுபவம் இருக்கு" என்றார்.

"ம்."

"இந்த நீதவான்..." என்று இழுத்தார்.

"ம்ம்?" என்றேன்.

அது நான் சொன்ன 'ம்' இல்லை. தானாக வந்தது. நீண்டு, கடைசியில் மேலே எழும்பிப் போனது. சொல்லி முடிக்க முதலே எனக்குக் கேட்டுவிட்டது. மறுமுனையில் அந்த அம்மா மெல்லச் சிரித்தார்.

"நீயும் அப்பிடியோ நினைக்கிறாய், பிள்ளை?"

"மன்னிக்கவேணும் அம்மா, நான் என்ர கருத்தைச் சொல்லக் கூடாது."

"சொல்லத் தேவையில்லை. எனக்கு விளங்கிட்டுது. அவவையே போடு."

போட்டேன். நன்றி சொல்லி வைத்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சாப்பாட்டறைக்குப் போனேன். ரவி தேத்தண்ணியோடு இருந்தான். என் முகத்தைப் பார்த்து, "என்ன அக்கா, பேயைக் கண்டீங்களா?" என்றான். நடந்ததைச் சொன்னேன். அவன் உடனே, "அந்த ஒரு பேட்டியை மதாமுக்குச் சொல்லி எடுத்து விடுங்க. ஒண்டுதானே, முடிஞ்சுது" என்றான்.

"ஒண்டு இல்லை ரவி. மூண்டு நாளும் நான் பட்டன் அமத்தேல்ல."

அவன் தேத்தண்ணியை மேசையில் வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆரும் கேட்டதா? மதாம் இந்தக் கிழமை புதுப் பிள்ளைகளைத்தான் கேக்கிறா. உங்களை ஏன் கேக்கப் போறா? நீங்க சொல்லப் போய், மறுகா அந்த மனிசி மேடைக்கு வராமப் போனா?" என்றான். அவனுக்கும் அந்த நீதவான் அம்மாவைப் பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "விசரே உமக்கு? ஒரு 'ம்' சொன்னா அமெரிக்காவின்ர தலைவிதி மாறுமோ?" என்றார். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியை வைத்துவிட்டு, "நான் இப்ப உங்களோட கதைக்கேக்க நீங்கள் 'ம்' சொல்லாட்டி நான் கதைப்பனோ?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். "கோவிப்பீர்" என்றார். "அப்ப அது ஒண்டும் இல்லாத விஷயம் இல்லைத்தானே" என்றேன். அவர் வெங்காயத்தை வாங்கித் தானே வெட்டினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஒன்றும் பெரிய அரிச்சந்திரன் பரம்பரை இல்லை. அன்று முழுக்க என் மனம் வாயை மூடு, வாயை மூடு என்றுதான் சொன்னது. அந்த நீதவான் அம்மா மேடையில் ஏறவேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்பட்டேன். அவர் ஏறினால் எங்களைப் போன்ற சனத்துக்காக ஒருவர் கத்தாமல் கதைப்பார். அதை நான் போய்க் கெடுக்க வேண்டுமா? அடுத்த நாள் காலை மெட்ரோவில் இருந்து இறங்கும்வரை நான் ஒரு முடிவும் எடுக்கவில்லை. கால் தானாக மதாமின் மேசைக்குப் போயிற்று.

மதாம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நின்றபடியே கேட்டார். "எத்தினை பேட்டி?"

"மூண்டு நாளும் சேத்து நாப்பத்தொண்டு, மதாம்."

"அலோர்" என்றார். சரி, அப்படியென்றால் தொடங்குவோம் என்று அர்த்தம். அவருக்குக் கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அந்த ஒரு சொல்தான். எங்கள் அழைப்புகள் எல்லாம் ஒலிப்பதிவாகும். இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு என்னைப் பக்கத்தில் இருத்தி, ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டி, முதலாவதில் இருந்து கேட்கத் தொடங்கினார். ஒவ்வொரு பேட்டிக்கும் ஒரு தாள், தாளில் பதினேழு பெயர். நான் 'ம்' சொன்ன ஒவ்வொரு இடத்திலும் பெயருக்கு எதிரே ஒரு கோடு. கட்டையான 'ம்' என்றால் கட்டைக் கோடு. நீட்டினால் நீளக் கோடு. மேலே எழும்பினால் கோட்டின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி.

என் குரலை நானே அவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை. முதல் பத்துப் பேட்டி பரவாயில்லை, கட்டைக் கோடுகள்தான். அதற்குப் பிறகு நீதவான் அம்மாவின் பெயருக்கு எதிரே கொக்கிகள் முளைக்கத் தொடங்கின. மற்றப் பெயர்களுக்குப் பட்டும் படாமலும் ஒரு 'ம்', இவருக்கு மட்டும் கதவைத் திறந்து உள்ளே வாங்கோ என்பது போல ஒரு 'ம்'. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மதாம் ஒருதரமும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் முடிய, "கேட்டியா?" என்பார். "கேட்டன், மதாம்." தாளைப் புரட்டுவார், அடுத்தது.

கடித உறை அம்மாவின் பேட்டி வந்தது. பென்சில் எடுக்கப் போன சத்தம், கண்ணாடி தேடின சத்தம், வெட்டு வெட்டு என்ற குரல், எல்லாம் கேட்டோம். முடிவில் மதாம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இந்த மனிசி வலு வடிவாத் தெரிவு செய்திருக்கிறா" என்றார். "ஓம், மதாம். நான்தான் கெடுத்துப்போட்டன்." அந்தத் தாளிலும் ஒரு நீளக் கோடும் கொக்கியும் விழுந்தன.

கடைசியில் கொக்கி விழுந்த தாள்கள் பதின்மூன்று. அவற்றை மட்டும்தான் எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். மதாம் நாற்பத்தொன்றையும் ஒன்றாகத் தட்டி அடுக்கினார். "மற்றதில எனக்குக் கேக்கேல்ல. கேக்கேல்ல எண்டதுக்காக இல்லையெண்டு நான் எழுத ஏலாது" என்றார். முழுவதும் கழிந்தது. ஒருதரம் கேட்டவரை அதே கணிப்புக்கு மறுபடி கேட்கக் கூடாது என்பது விதி. ஆகவே அந்த அம்மாவின் உறையும், பென்சிலும், அவ்வளவு யோசனையும் கழிந்ததுதான். ரவியும் மற்றவர்களும் புதிய இலக்கங்களுக்கு எடுத்தார்கள். கணிப்பு ஒரு நாள் பிந்தியது. மேலிடத்துக்குப் போன கடிதத்தில் மதாம் என் பெயரை எழுதவே இல்லை. 'மேற்பார்வையில் தவறு' என்று எழுதித் தன்னுடைய கையெழுத்தைப் போட்டார். எனக்கு அது பல மாதம் கழித்து ரவி சொல்லித்தான் தெரியும்.

என்னை அன்றே யோகட் கணிப்புக்கு மாற்றினார்கள். ஸ்ட்ரோபெரிச் சுவை பிடிக்குமா, பீச் சுவை பிடிக்குமா என்று கேட்கும் வேலை. பெருவிரல் வலிக்க வலிக்கப் பட்டனை அமத்திக்கொண்டு கேட்டேன். எந்த யோகட்டுக்கும் நான் ஒரு 'ம்' கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் முடிவு வந்தது. நீதவான் அம்மா அளவைத் தொடவில்லை. மயிரிழையில் தவறிவிட்டது. என் நாற்பத்தொன்றும் இருந்திருந்தால் தொட்டிருக்கும் என்று ரவி கணக்குப் பார்த்துச் சொன்னான், சொல்லிவிட்டு, ஏன் சொன்னேன் என்று நாக்கைக் கடித்தான். நான் கழிவறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நல்லா அழுதேன். நீதவான் அம்மாவுக்காகவும் அழுதேன், கடித உறை அம்மாவுக்காகவும் அழுதேன், எனக்காகவும் கொஞ்சம் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது மதாம் ஜினெத் என் மேசையில், என் கதிரையில் இருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் எங்கள் யாருடைய கதிரையிலும் இருந்ததில்லை. ரவியின் கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார்.

"நீ பேசாம இருந்திருந்தா அவ இப்ப மேடையில" என்றார்.

"தெரியும், மதாம்."

"உனக்கு அவவைப் பிடிக்கும்."

"ஓம். நல்லாப் பிடிக்கும்."

அவர் தலையில் இருந்த கண்ணாடியை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "நீ சொல்லாம விட்டிருந்தா, அந்த விவாதத்தை உன்னால வீட்டில இருந்து பாத்திருக்க ஏலுமோ?" என்று கேட்டார்.

இல்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். நானும் அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மூன்று நாள் கதைத்த என் குரலை அவர் பக்கத்தில் இருந்து நானே கேட்ட பிறகு அந்த மனுஷியிடம் எப்படிப் பொய் சொல்வது?

"பாத்திருப்பன், மதாம். சந்தோஷமாப் பாத்திருப்பன். அந்தச் சந்தோஷத்துக்குப் பயந்துதான் உங்களிட்ட ஓடி வந்தனான்."